ஏழை சொல் அம்பலம் ஏறும் வழி

ஏழை சொல் அம்பலம் ஏறாது என்பது நம் முன்னோர் பட்டறிந்து சொன்ன பழமொழி. இதனை நாம் பலமுறை சொல்லியும் இருக்கிறோம், கேட்டும் இருக்கிறோம். ஆயினும் அதன் பொருளை ஊன்றிப் பார்த்தவர் சிலரே. ஏழையின் சொல் பொய் என்று அப்பழமொழி கூறவில்லை. அம்பலத்தில் அமர்ந்திருப்போர் அநியாயக்காரர் என்றும் கூறவில்லை. சொல் மெய்யாக இருக்கலாம். அம்பலத்தாரும் நேர்மையாளராக இருக்கலாம். ஆனால் அந்தச் சொல் அந்தப் படிகளில் ஏறிச் சேரவில்லை என்பதே குறை. நீதி தவறுவதற்கு நீதிபதி தவற வேண்டியதில்லை. படி உயரமாக இருந்தாலே போதும் என்பதை நான்கே சொற்களில் நம் பெரியோர் சொல்லிவிட்டனர்.

இக்கட்டுரையில் நாம் எண்ணிப் பார்க்க விரும்புவது ஒரு கேள்வியையே. நியாயம் தன் பக்கம் இருந்தும், நீதிமன்றத்தின் வாசலை எட்ட முடியாமல் ஒருவன் தன் உரிமையை இழந்துவிட்டால், அந்த இழப்புக்குப் பொறுப்பாளி யார்? ஏமாற்றியவன் மட்டுமா? வாசலைத் தூரத்தில் வைத்த அரசாங்கமா? அல்லது அவனுக்கு அண்டைவீட்டாராக இருந்தும் பாராமலிருந்த நாமுமா?

இக்கேள்வி நமக்கு ஏட்டுப் படிப்பால் வந்ததன்று. உட்லண்ட்ஸ் வட்டாரத்தில் நாம் அறிந்த பெரியவர் ஒருவர் இருக்கிறார். எழுபதை நெருங்கும் வயது. ஒரு கட்டடத்தில் இரவுநேரப் பாதுகாவலராக வேலை பார்த்து வந்தார். தமது அடுக்குமாடி வீட்டின் அடுப்பங்கரையைப் புதுப்பிக்க எண்ணி, ஒரு குத்தகைக்காரரிடம் முன்பணமாக 1,800 வெள்ளி கொடுத்தார். வந்தவர் பழைய அலமாரிகளைப் பெயர்த்துக்கொண்டு போனதோடு சரி; திரும்பி வரவில்லை. தொலைபேசியை எடுப்பாரும் இல்லை. பெரியவருடைய மனைவி பல மாத காலம் சாப்பாட்டு மேசையின்மேல் அடுப்பை வைத்துச் சமைத்தார்.

ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆத் தொழுகை முடிந்து பள்ளிவாசல் முற்றத்தில் நின்றபோது பெரியவர் இதை நம்மிடம் சொன்னார். "பிராது கொடுக்கவில்லையா?" என்று கேட்டோம். "போகட்டும் தம்பி, படைத்தவன் பார்த்துக்கொள்வான்" என்றார். இத்தகைய பொறுமையும் உண்டா என்று நாம் வியந்தோம். அத்தோடு நில்லாமல், அவருடைய பெருந்தன்மையைப் பற்றி இளைஞர்களிடமும் எடுத்துச் சொன்னோம்.

ஏறத்தாழ மூன்றாண்டுகளுக்குப் பிறகுதான், வேறு ஏதோ பேச்சின் நடுவே, உண்மை வெளிப்பட்டது. இரவு வேலை முடிந்த ஒரு காலையில், உறங்கவும் செய்யாமல், ரசீதை ஒரு பிளாஸ்டிக் பையில் வைத்துக்கொண்டு, ரயிலேறிச் சைனாடவுனில் இறங்கி, ஹேவ்லாக் சதுக்கம் வரை அவர் நடந்து போயிருக்கிறார். அங்கே அரசு நீதிமன்றங்களின் 35 மாடிக் கட்டடத்தை அண்ணாந்து பார்த்திருக்கிறார். கோட்டும் சூட்டுமாகக் கோப்புகளைச் சுமந்துகொண்டு உள்ளே போகிறவர்களையும், வாசலில் பைகளைச் சோதிக்கும் காவலர்களையும் பார்த்திருக்கிறார். யாரிடம் போய், எந்த மொழியில், என்னவென்று கேட்பது? சற்று நேரம் நின்றார்; திரும்பிவிட்டார். வீட்டிலும் சொல்லவில்லை, நம்மிடமும் சொல்லவில்லை. படைத்தவன் பார்த்துக்கொள்வான் என்று மட்டுமே சொன்னார்.

நாம் பொறுமை என்று புகழ்ந்தது பொறுமை அன்று, அது வழியறியாமை. ஒரு மனிதரின் கையறு நிலையைக் கண்டு, அதற்கு நற்குணம் என்று பெயரிட்டுவிட்டு, நிம்மதியாக வீட்டுக்குப் போயிருக்கிறோம். இதை எழுதும்போது நமக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் வெட்கத்தை மறைப்பதைவிட, அதிலிருந்து ஒன்றைக் கற்றுக்கொள்வது நல்லதன்றோ?

மன்னித்தல் உயர்ந்த குணம் என்பதில் எவருக்கும் ஐயமில்லை. ஆனால் மன்னித்தல் என்பது யாது? தன் கையில் உள்ள ஒன்றைத் தானாக விட்டுக்கொடுப்பது. கடன் கொடுத்தவன், கேட்டால் கிடைக்கும் என்ற நிலையில் இருந்துகொண்டு, "வேண்டாம், வைத்துக்கொள்" என்று சொன்னால் அது மன்னிப்பு. கேட்கவே வழியில்லாதவன் "போகட்டும்" என்று சொன்னால் அது மன்னிப்பு ஆகாது. தோல்வியை மானத்தோடு சொல்லும் ஒரு முறையே அது. ஆகவே நீதிமன்றத்திற்குப் போகும் வழியை ஒருவனுக்குத் திறந்துவிடுவது, அவனைச் சண்டைக்காரனாக்குவதன்று. அவனை மன்னிக்கத் தகுதியுள்ளவனாக்குவது. வழக்கிட வல்லவனே வழக்கை விடவும் வல்லவன்.

இனி, தூரம் என்பதைப் பற்றிச் சிறிது பார்ப்போம். நீதிமன்றம் தூரத்தில் இருக்கிறது என்னும் முறையீடு இந்நாட்டுக்குப் புதிதன்று. 1807-ஆம் ஆண்டின் நீதிச் சாசனம் பினாங்குக்கு ஒரு நீதிமன்றத்தைத் தந்தது. 1826-ஆம் ஆண்டின் இரண்டாம் சாசனம் அந்த நீதிமன்றத்தின் அதிகாரத்தைச் சிங்கப்பூருக்கும் மலாக்காவுக்கும் விரித்தது. ஆனால் ரிக்கார்டர் என்ற நீதிபதி ஒருவரே. அவர் தங்கியதோ பினாங்கில். அவர் கப்பலேறி வரும் நாளைச் சிங்கப்பூர்வாசிகள் எதிர்பார்த்துக் காத்திருந்தனர். 1830-இல் நிர்வாக மாற்றத்தால் நீதிமன்றமே மூடப்பட்டு, 1832 வரை திறக்கப்படாமல் கிடந்ததும் உண்டு. பிறகு 1855-இல்தான், பினாங்குக்கு ஒருவர், சிங்கப்பூர் மலாக்காவுக்கு ஒருவர் என இரண்டு ரிக்கார்டர்கள் ஏற்பட்டனர். சட்டம் 1826-இலேயே வந்துவிட்டது. நீதிபதி அருகில் வந்து சேர மேலும் 29 ஆண்டுகள் ஆயின. சட்டம் வருவது வேறு, நீதி வருவது வேறு என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமோ?

நம் மக்கள் அக்காலத்தில் எங்கே வாழ்ந்தனர்? சூலியாப் பள்ளி என்று பெயர்பெற்ற ஜாமிஆ பள்ளிவாசல் சவுத் பிரிட்ஜ் சாலையில் இருக்கிறது. அதன் சுற்றுப்புறமே நம்மவர் கடை வைத்ததும் படுத்துறங்கியதும். அதே சவுத் பிரிட்ஜ் சாலையில், ஹாங் லிம் திடலருகே, மாஜிஸ்திரேட்டு நீதிமன்றங்களும் இருந்தன. ஒருவன் அஸருக்கும் மஃரிபுக்கும் இடையில் நடந்து போய் விவரம் கேட்டுத் திரும்பக்கூடிய தூரம் அது. கோர்ட்டுக் கச்சேரி என்றால் என்ன, யார் வருகிறார்கள், என்ன நடக்கிறது என்பதைத் தெருவில் போகிறவனும் கண்ணால் கண்டிருப்பான்.

1960-இல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் அமைந்தது. நகரத்து நெரிசலில் இருந்தவர்கள் குவீன்ஸ்டவுனுக்கும், தோ பாயோவுக்கும், பின்னர் பிடோக், அங் மோ கியோ, ஈசூன், உட்லண்ட்ஸ், ஜூரோங் என்று புதிய குடியிருப்புப் பேட்டைகளுக்கும் குடிபோயினர். தண்ணீரும் விளக்கும் காற்றோட்டமும் கிடைத்தன. அந்நன்மையை நாம் மறக்கவில்லை. பேட்டைதோறும் சந்தை வந்தது, பள்ளிக்கூடம் வந்தது, மருந்தகம் வந்தது, நூல்நிலையம் வந்தது. நீதிமன்றம் மட்டும் வரவில்லை. 1975-இல் கீழ்நிலை நீதிமன்றங்கள் ஹேவ்லாக் சதுக்கத்து எண்கோணக் கட்டடத்தில் ஒன்றுகூட்டப்பட்டன. 2014-இல் அவை அரசு நீதிமன்றங்கள் என்று பெயர் மாற்றம் பெற்றன. நீதிமன்றம் இருந்த வட்டாரத்திலேயே இருக்கிறது. நகர்ந்து போனவர்கள் மக்கள்தாம்.

இங்கே வாசகர் ஒருவர் குறுக்கிட்டு, "சிங்கப்பூர் என்ன இந்தியாவா? உட்லண்ட்ஸிலிருந்து ரயிலேறினால் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் போய்விடலாமே!" என்று கேட்கலாம். மெய்தான். நம் பெரியவரும் போய்ச் சேர்ந்தாரே! வாசல் வரை போனவர் ஏன் திரும்பினார்? ஆகவே தூரம் மைல் கணக்கில் இல்லை என்பது தெளிவாகிறது. ஒரு நாள் கூலி போய்விடும் என்பது ஒரு தூரம். படிவம் ஆங்கிலத்தில் இருக்கிறது என்பது ஒரு தூரம். நம்மைப் போன்றவர்கள் அங்கே போவதில்லை என்ற கூச்சம் ஒரு தூரம். கோர்ட்டுப் படி ஏறினால் குடும்ப மானம் போய்விடும் என்று சிறுவயது முதல் கேட்டு வளர்ந்தது எல்லாவற்றிலும் நெடிய தூரம். இத்தூரங்களை ரயில் கடக்காது.

பண்டைக்கால மன்னர்களின் பெருமையைச் சொல்லும்போது ஆராய்ச்சி மணியைச் சொல்வது நம் வழக்கம். திருவாரூரில் மனுநீதிச் சோழனின் அரண்மனை வாசலில் மணி தொங்கியதாகவும், கன்றை இழந்த பசு வந்து அதை அசைத்ததாகவும் கதை. முகலாயப் பேரரசர் ஜஹாங்கீர் 1605-இல் பட்டமேறியதும் இட்ட முதற்கட்டளை, ஆக்ராக் கோட்டைக்கும் யமுனைக் கரையில் நட்ட கல்தூணுக்கும் இடையே 60 மணிகள் கோத்த பொற்சங்கிலியைத் தொங்கவிட வேண்டும் என்பதே என்று அவரே தம் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார். இவற்றைக் கேட்டு மன்னரைப் புகழ்கிறோம். ஆனால் மணியின் சிறப்பு மன்னரிடத்தில் மட்டும் இருக்கிறதா? பசுவின் கொம்புக்கு எட்டும் உயரத்தில் கயிறு தொங்கியதே, அதில்தான் பாதிச் சிறப்பு இருக்கிறது. பத்து முழம் உயரத்தில் கட்டியிருந்தால் அதே மன்னரும் அதே மணியும் இருந்தும் பசு வெறுங்கையோடு திரும்பியிருக்கும். மணி அடிக்கவில்லை, ஆகவே நாட்டில் குறையில்லை என்று மன்னரும் மகிழ்ந்திருப்பார்.

கலீஃபா உமர் (ரலி) அவர்களின் ஆட்சியில் நிகழ்ந்ததாக வரலாற்றாசிரியர்கள் சொல்லும் செய்தி ஒன்றும் இங்கே நினைவுக்கு வருகிறது. கூஃபா நகரின் ஆளுநராயிருந்த ஸஅத் இப்னு அபீ வக்காஸ் (ரலி) அவர்கள், கடைத்தெருவின் இரைச்சல் தாங்காமல் தம் மாளிகைக்கு ஒரு கதவு போட்டார்கள். ஸஅத் சாமானியர் அல்லர்; பெருவீரர், நபித்தோழர். அவர்கள் எவருக்கும் அநீதி செய்ததாகவும் அப்போது முறையீடு இல்லை. ஆயினும், குறை சொல்ல வருகிறவனை அந்தக் கதவு தடுத்துவிடும் என்று கண்ட கலீஃபா, ஓர் ஆளை அனுப்பி அக்கதவையே கொளுத்தச் செய்தார்கள். ஆளுநர் நல்லவராக இருந்தது போதவில்லை. அவரை எட்ட முடிய வேண்டும் என்பதே அங்கு கருதப்பட்டது.

இக்காலத்து அரசாங்கம் ஒன்றுமே செய்யவில்லை என்று நாம் சொன்னால் அது பெரும் அநியாயமாகும். 1958-இல் ஷரீஅத் நீதிமன்றமும் சட்ட உதவிப் பிரிவும் ஒரே ஆண்டில் இங்கே தோன்றின. 1985-இல் சிறு கோரிக்கை நடுவர் மன்றம் ஏற்பட்டது. அங்கே வக்கீல் வைத்துக்கொள்ள அனுமதியில்லை. வாதியும் பிரதிவாதியும் நேரே நடுவர்முன் பேச வேண்டியதுதான். பணக்காரன் பெரிய வக்கீலைக் கொண்டுவந்து ஏழையை மிரட்ட முடியாது. 2019 நவம்பர் முதல் 20,000 வெள்ளி வரையிலும், இரு தரப்பும் ஒப்பினால் 30,000 வெள்ளி வரையிலும் அங்கே கோரலாம். பிராது கொடுக்கும் காலக்கெடுவும் ஓராண்டிலிருந்து ஈராண்டாக நீட்டப்பட்டது. சம்பள பாக்கிக்கென 2017 ஏப்ரலில் வேலைவாய்ப்புக் கோரிக்கை நடுவர் மன்றமும், அண்டைவீட்டுத் தகராறுகளுக்கென 2015-இல் தனியாக ஒரு மன்றமும் வந்தன. 2017 முதல் வீட்டிலிருந்தபடியே கணினி வழியாகப் பிராது கொடுக்கலாம். எதிர்த்தரப்போடு அதன் வழியாகவே பேரம் பேசித் தீர்த்துக்கொள்ளவும் வழி செய்திருக்கிறார்கள். நீதிமன்ற வளாகத்திலேயே, வக்கீல் இல்லாதவர்களுக்கு வழிகாட்டச் சமூக நீதி நிலையம் என்னும் அறநிறுவனமும் இருக்கிறது. தமிழ் பேசுவோருக்கு மொழிபெயர்ப்பாளரும் உண்டு.

திருவாரூர் மணியின் கயிறு இன்று ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் தொங்குகிறது என்றே சொல்லலாம். ஆயினும் நம் பெரியவரை எண்ணிப் பாருங்கள். கைத்தொலைபேசி இருக்கிறது, அதில் ஊருக்குப் பேசவும் பாங்கு நேரம் பார்க்கவும் அறிவார். சிங்பாஸ் கடவுச்சொல்லோ மகன் போட்டுக் கொடுத்தது. மகன் இருப்பது வேறு வீட்டில். ஆங்கிலப் படிவத்தில் எந்தக் கட்டத்தில் எதை எழுதுவது, ரசீதைப் படமெடுத்து எங்கே சேர்ப்பது? கயிறு கைக்கு அருகே வந்துவிட்டது. ஆனால் அது கயிறு என்பதே அவருக்குத் தெரியவில்லை. ஹேவ்லாக் சதுக்கத்துப் படிகள் எழுத்துகளாக மாறி அவர் வீட்டுக்குள்ளேயே வந்து நிற்கின்றன. அவர் அறியாமல் இருந்த காலத்தில் ஈராண்டுக் கெடுவும் கடந்து, அந்த எளிய வாசல் அடைபட்டுப் போயிற்று.

இவ்விடத்தில் இரண்டு ஆட்சேபங்களுக்கு விடை கூறியாக வேண்டும்.

முதல் ஆட்சேபம்: வாசல் எளிதானால் தொட்டதற்கெல்லாம் வழக்குப் போடுவார்கள், சமூகத்தில் சண்டை பெருகும் என்பது. இது கேட்பதற்குப் பொருத்தமாகத் தோன்றும். ஆனால் நடப்பதைப் பாருங்கள். சிறு கோரிக்கை நடுவர் மன்றத்திலே விசாரணைக்கு முன்பு இரு தரப்பாரையும் அழைத்து, சமாதானமாகத் தீர்க்க இயலுமா என்று பார்ப்பதே முதல் வேலை. எதிராளிக்கு வழி தெரியும் என்று அறிந்தால் ஏமாற்ற நினைப்பவனும் சற்று யோசிப்பான். நம் குத்தகைக்காரர் 1,800 வெள்ளியைத் துணிந்து எடுத்துக்கொண்டது ஏன்? இந்தக் கிழவர் எங்கே போய்ச் சொல்லப் போகிறார் என்ற கணக்கில்தானே! அந்தக் கணக்கு பொய்த்திருந்தால் வழக்கே பிறந்திராது. வாசல் தூரமாயிருப்பதால் சண்டை குறைவதில்லை. ஏமாற்றப்பட்டவனின் வாய்தான் குறைகிறது.

இரண்டாம் ஆட்சேபம் சற்றுக் கனமானது. நீதிமன்றம் எதற்கு? முன்காலத்தில் கப்பித்தான்களும் ஊர்ப் பெரியவர்களும் ஜமாஅத்தாரும் தீர்த்து வைக்கவில்லையா? அண்டையிலேயே தீர்ப்பு இருக்க, நகரத்துக்கு ஏன் போக வேண்டும் என்பார்கள். கடலுக்கு அப்பால் மலேசியத் தீபகற்பத்தில் பெங்குலு நீதிமன்றம் என்று ஒன்று சட்டப்படியே இருந்தது. முக்கிம் தலைவரே நீதிபதி. 50 ரிங்கிட் வரையிலான கடன் வழக்குகளை அவர் கேட்கலாம். கிராமத்தானுக்கு அதைவிட அருகிலிருந்த நீதிமன்றம் வேறில்லை. ஆனால் 2013 மார்ச்சு முதல் நாளிலிருந்து அது சட்டத்திலிருந்தே நீங்கிவிட்டது. அருகில் இருந்தது என்பது மட்டும் அதனைக் காக்கவில்லை.

அண்மை நல்லதுதான், ஆனால் அண்மையிலும் ஓர் அபாயம் உண்டு. அருகிலிருக்கும் நீதிபதியை அருகிலிருக்கும் செல்வாக்குள்ளவனும் எட்டுவான். அதுவும் ஏழைக்கு முன்னே எட்டுவான். பஞ்சாயத்துப் பேசுகிறவர் கடைக்காரருக்கு மைத்துனராகவோ, வாடகைக்கு விட்டவரிடம் கடன் பட்டவராகவோ இருந்தால் தீர்ப்பு எப்படி இருக்கும்? மேலும், தன் வீட்டுத் துன்பத்தை அடுத்த புளோக்கில் இருப்பவர் அறியக் கூடாதென்று எண்ணும் பெண்மணி எத்தனை பேர்? தலாக்கு, ஜீவனாம்சம், பிள்ளைகளின் பொறுப்பு ஆகியவற்றைப் பேச லெங்கோக் பாருவில் உள்ள ஷரீஅத் நீதிமன்றம் வரை ஒரு சகோதரி பயணம் செய்கிறார் என்றால், அந்தத் தூரம் அவருக்குச் சுமை மட்டுமன்று; ஒரு திரையும் ஆகும். அங்கே அவரை அறிந்தவர் இல்லை. ஆகவே அவர் வாய்திறந்து பேசுகிறார்.

எனவே நாம் வந்து சேரும் முடிவு இதுவே: நீதிமன்றம் கைக்கு எட்டும் அருகில் இருக்க வேண்டும்; செல்வாக்குக்கு எட்டாத தூரத்தில் இருக்க வேண்டும். இவ்விரண்டையும் ஒரே கட்டடத்தால் நிறைவேற்ற முடியாது. தீர்ப்புச் சொல்வது தூரத்தில் இருக்கட்டும், அதுவே நன்று. அந்தத் தீர்ப்பு வரை போகும் வழியைக் காட்டுவது அருகில் இருக்க வேண்டும். முதலாவது அரசாங்கத்தின் கடமை. இரண்டாவது அரசாங்கத்தின் கடமை மட்டுமன்று. அது அண்டை வீட்டாரின் கடமை, சங்கத்தின் கடமை, நம் கடமை.

நாயகம் (ஸல்) அவர்கள், தம்மிடம் வழக்குக் கொண்டு வருவோரில் ஒருவர் மற்றவரைவிட நாவன்மை உடையவராக இருக்கக்கூடும் என்றும், தாம் கேட்டதைக் கொண்டே தீர்ப்பளிக்க நேரும் என்றும், அவ்வாறு பிறன் உரிமை தனக்குக் கிடைத்துவிட்டால் அது நெருப்புத் துண்டே என்றும் எச்சரித்த செய்தியை நாம் அறிவோம். நாவன்மையுள்ளவன் வென்றுவிடக் கூடும் என்ற அச்சம் அங்கேயே இருந்ததென்றால், பிற நீதிமன்றங்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. நாவன்மை இல்லாதவனுக்குத் துணை வேண்டும். அவனுக்காகப் பொய் சொல்லும் துணையன்று. அவனுடைய மெய்யை ஒழுங்காக எடுத்து வைக்க உதவும் துணை.

சட்டமே இதை எண்ணியிருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. சிறு கோரிக்கை நடுவர் மன்றத்தில் அவரவர் வழக்கை அவரவரே பேச வேண்டும் என்பது பொது விதி. ஆனால் முதுமையாலோ, எழுத்தறிவின்மையாலோ, உடல் அல்லது மனத் தளர்ச்சியாலோ தம் வழக்கைத் தாமே சொல்ல இயலாதவர் என்று நடுவர் கருதினால், அவர் எழுதிக் கொடுத்து நியமிக்கும் மற்றொருவர், நடுவரின் ஒப்புதலோடு, அவருக்காகப் பேசலாம். வக்கீலை வெளியே நிறுத்திய அதே சட்டம், வேண்டியவருக்குத் துணைவர் ஒருவரை உள்ளே விட இடம் வைத்திருக்கிறது. நம் பெரியவருக்காக அந்த நாற்காலி அன்று காத்திருந்தது. அதில் போய் உட்கார ஆளில்லை. நாமோ அவருடைய பொறுமையைப் புகழ்ந்துகொண்டிருந்தோம்.

இனி நாம் செய்யத்தக்கது யாது? பெரிய திட்டங்கள் வேண்டியதில்லை. ஒவ்வொரு வட்டாரத்திலும் படிவம் நிரப்பத் தெரிந்த இளைஞர் இருவர் மூவர், வாரம் ஒருநாள் ஒரு மணி நேரம், கேட்போருக்கு வழி சொல்ல முன்வந்தால் போதும். இது எந்த மன்றத்துக்குப் போக வேண்டிய காரியம், கெடு எத்தனை நாள், எந்தத் தாள்களைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும் என்பவற்றைச் சொன்னாலே பாதிப் படி ஏறியாயிற்று. உதாரணமாக, வேலையை விட்டு நின்றவர் சம்பள பாக்கிக்கு ஆறு மாதத்துக்குள் முறையிட வேண்டும் என்பதை அறியாமல் எத்தனை தொழிலாளிகள் ஏமாந்து நிற்கக்கூடும்! தேவைப்படுவோருடன் அந்த நாளில் கூடப் போய் வர ஒருவர் வேண்டும். கூடப் போவதற்குச் சட்டப் படிப்புத் தேவையில்லை. அரைநாள் விடுப்பும் சற்று அன்பும் போதும்.

ஆனால் இதற்கு மூன்று வரம்புகள் இருக்கட்டும். வழிகாட்டப் போனவர் தீர்ப்புச் சொல்லத் தொடங்கக் கூடாது; அது நம் வேலையன்று. கேட்ட செய்தியை மூன்றாம் காதுக்குக் கொண்டு போகக் கூடாது. மானத்துக்கு அஞ்சி வருகிறவரின் மானத்தைக் காப்பதே முதல் உதவி. ஒரு காசும் வாங்கக் கூடாது. வாங்கினால் துணைவர் தரகராகிவிடுவார். சட்ட நுணுக்கம் வேண்டிய இடத்தில், நமக்குத் தெரிந்ததைச் சொல்லிக் குழப்பாமல், சட்ட உதவிப் பிரிவுக்கோ வக்கீல்கள் இலவசமாக ஆலோசனை கூறும் இடங்களுக்கோ அனுப்பிவிடுவதே நேர்மை.

இதைக் கேட்டு, "நம் வேலையே நமக்குப் பெரிதாக இருக்கிறது" என்பாரும் உண்டு. அவர்களுக்கு நாம் சொல்வது இதுதான். நம் இல்லத்துத் திருமணத்துக்கு அழைப்பு வைக்கப் படியேறி வீடு வீடாகப் போகிறோம். மையித்து வீடென்றால் அழைக்காமலே போகிறோம். கபுறுஸ்தான் வரை தோள் கொடுக்கிறோம். இறந்தவருடன் சுவா சூ காங் வரை போகிற நாம், உயிரோடிருக்கும் ஒருவருடன் ஹேவ்லாக் சதுக்கம் வரை போகக் கூடாதா?

பெரியவர் இன்றும் வெள்ளிக்கிழமைதோறும் வருகிறார். அடுப்பங்கரையை மகன் சிறிது சிறிதாகச் சீர்செய்து கொடுத்துவிட்டார். அன்று வாசலிலிருந்து திரும்பியதைப் பற்றி அவர் மறுபடியும் பேசவில்லை, நாமும் கேட்கவில்லை. ஆனால் சென்ற மாதம் தம்மோடு வேலை செய்யும் ஒருவரைக் கையோடு அழைத்து வந்தார். அவருக்கு நான்கு மாதச் சம்பளம் வரவில்லையாம். "தம்பி, இவருக்கு என்ன செய்யலாமென்று பாருங்கள். நாள் தள்ளிப் போட வேண்டாம்" என்றார். தமக்கென்று ஒருநாளும் கேட்காதவர், பிறருக்கென்று வந்து கேட்டார்.

ஏழை சொல் அம்பலம் ஏறாது என்று சொன்ன நம் முன்னோர், அது எந்நாளும் ஏறாது என்று தீர்ப்பெழுதிவிட்டுப் போகவில்லை. தனியே ஏறாது என்பதையே சொல்லிச் சென்றார்கள் என்று கொள்வோம். கைகொடுக்க ஒருவர் இருந்தால் அது ஏறும்.